பாய்ப்படகில் இரண்டு மச்சான்மாரும் நானும்

எனக்குக் கடல் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் நீர்வேலி வாழைத்தோட்டத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துச் சீவித்தவன். தண்ணீர் என்றால் எனக்குக் கிணற்றுத் தண்ணீர், நீச்சல் என்றால் இறைப்புத் தொட்டிக்குள் நாலு தரம் காலை அடிப்பது. அப்படிப்பட்ட நான், வல்வெட்டித்துறையில் திருவிழாவுக்குக் கூடிய சனம் முழுவதும் பார்த்திருக்க, ஒரு பாய்ப்படகைக் கொண்டுபோய்க் கல்லில் ஏற்றினேன். சுக்கானைப் பிடித்து ஏற்றவில்லை, வாயால் ஏற்றினேன். அது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுவரை பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி வதனிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. இருவரும் வல்வெட்டித்துறையில் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள். மூத்தவரைப் பெரியண்ணை என்போம். சண்டைக் காலத்தில் நோர்வேக்குப் போய், மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, சனி ஞாயிறுகளில் அங்குள்ளவர்களோடு பாய்ப்படகு ஓட்டப் பழகியவர். இளையவன் குகன் ஊரிலேயே நின்று, தாயைப் பார்த்து, மீன் பிடித்தவன். தாய் இறந்தபோது விசா அலுவல் சரிவராமல் பெரியண்ணையால் வரமுடியவில்லை. செத்தவீட்டன்று தொலைபேசி எடுத்து அழுதார். அழுகைக்கு நடுவில், "ஏன்ரா அம்மாவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லை?" என்று ஒரு கேள்வி கேட்டார். குகன் போனை வைத்தான். அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

(எங்கள் பக்கத்தில் கோபம் போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரே விறாந்தையில் இருப்பார்கள், ஒரே சோற்றைத் தின்பார்கள். ஆனால் "உவருக்குச் சொல்லுங்கோ" என்று மூன்றாமாள் ஒருவர் மூலம்தான் கதை நடக்கும். அந்த மூன்றாமாள் ஆவதற்குக் கல்வித் தகைமை ஒன்றும் தேவையில்லை. அகப்பட்டால் போதும்.)

பெரியண்ணை கடைசியாக வந்தபோது நெஞ்சுக்குள் கட்டியோடு வந்தார். மூன்று கிழமை நிற்பதாகத் திட்டம். வருவதற்கு முன்பே திருகோணமலையில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன ஒரு சின்னப் பாய்ப்படகை வாங்கி, லொறியில் ஏற்றி அனுப்புவித்திருந்தார். திருவிழாவை ஒட்டி வாசிகசாலை நடத்தும் பாய்ப்படகுப் போட்டியில் ஒருதரம் ஓடவேண்டும் என்பது அவருடைய ஆசை. வதனிக்கு வேறு ஆசை. படகின் பதிவையும் கடலில் இறங்கும் அனுமதியையும் திட்டமிட்டே குகனின் பெயரில் எடுப்பித்தாள். அவன் ஏறாமல் படகு நகராது. ஒரு படகுக்கு மூன்று பேர் என்பது போட்டி விதி. மூன்றாவது ஆளாக அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் நடுவில இருங்கோ. கரைக்குத் திரும்பி வரேக்கை ரெண்டுபேரும் கதைச்சிருக்க வேணும்" என்றாள். போட்டி முடிந்தால் பெரியண்ணை விமானம் ஏற ஒன்பது நாள்தான் இருந்தது. இனி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை, அவர் உட்பட.

படகுக்குச் சாமான் சேர்க்கும் பொறுப்பையும் நானே ஏற்றிருந்தேன். கயிறு, கப்பி, திசைகாட்டி என்று பெரியண்ணை வட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினார். நங்கூரத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசம். இது எங்களுக்குத் தெரிந்த சாமான் அல்லவா? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி! அச்சுவேலியில் ஒரு கொல்லரிடம் சொல்லி, பெரிய அளவில், எட்டுக் கொளுக்கியோடு அடிப்பித்துக் கொண்டுபோனேன். பெரியண்ணை அதைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். அங்கால் வலை பார்த்துக்கொண்டிருந்த குகனும் சிரித்தான். ஒரே பகிடிக்கு இருவரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவர் கிழக்கே பார்த்து, மற்றவர் மேற்கே பார்த்து. நல்ல சகுனம் என்று வதனி சொன்னாள்.

போட்டியன்று சோளகம் நன்றாக வீசியது. நோர்வேயிலிருந்து கொண்டுவந்த உயிர்காப்பு அங்கியை எனக்கு மாட்டிவிட்டார்கள். தண்ணீர் பட்டால் தானாக ஊதிக்கொள்ளும் வகை. படகுக்கு ஏற நெஞ்சளவு தண்ணீரில் நடந்து போகவேண்டும் என்பதை அதைச் செய்த புண்ணியவானுக்கு யாரும் சொல்லவில்லை. பாதி வழியில் 'டப்' என்றது. என் கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் செம்மஞ்சள் நிறத்தில் வீங்கி எழும்பியது. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவன் என்னிடம் படித்தவன். "எமது கணித ஆசிரியர் இப்பொழுது இரட்டிப்பாகியுள்ளார்" என்றான். கரை சிரித்தது. காற்றை இறக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அப்படியே ஏறி இருந்தேன்.

பின்னால் சுக்கானில் பெரியண்ணை. முன்னால் முன்பாய்க் கயிற்றில் குகன். நடுவில், கழுத்தைத் திருப்ப முடியாத நான். பின்னாலிருந்து சொல் வந்தால் அதை வாங்கி, குண்டியை நகர்த்தி, முழு உடம்பையும் திருப்பி முன்னுக்குக் கொடுக்கவேண்டும். மறுமொழியை வாங்கி, திரும்பவும் நகர்ந்து, பின்னுக்குக் கொடுக்கவேண்டும். மூன்று பேரும் இருந்தது ஒரு மாட்டு வண்டில் நீளத்துக்குள். மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

அதோடு நின்றிருந்தால் தப்பியிருப்போம். நான் சமாதானத் தூதுவன் அல்லவா? செய்திகளைத் திருத்தத் தொடங்கினேன். "அந்த விசரனிட்டைச் சொல்லு, கயிற்றை இழுக்கச் சொல்லி" என்று பின்னால் சொன்னால், நான் முன்னால் போய், "அண்ணை சொல்லுறார், நீ நல்லாய்ச் செய்யிறியாம், இன்னும் கொஞ்சம் இழுத்தால் திறம் எண்டு" என்பேன். அவன் சந்தேகமாக என்னைப் பார்ப்பான். ஆனாலும் இழுப்பான். போகும்போது காற்று ஒத்துழைத்ததால் எங்கள் படகு போட்டிக்கு வந்த ஊர் வள்ளங்களை எல்லாம் முந்திக்கொண்டு பருத்தித்துறைப் பக்கம் கட்டியிருந்த மிதவையைச் சுற்றிவிட்டது. எல்லாம் என் நாவன்மை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு முட்டாளாக அதற்கு முன் நான் இருந்ததில்லை.

திரும்பும்போது எதிர்க்காற்று. நேரே வரமுடியாது, கரையை நோக்கி ஒரு வெட்டு, பிறகு மேற்கே ஒரு வெட்டு என்று வரவேண்டும். அந்தக் கரையோரம் தண்ணீருக்குள் கல்லுப் பார் கிடக்கிறது. தட்டையான வள்ளங்கள் அதன்மேல் ஓடிவிடும். எங்கள் படகுக்கோ அடியில் இடுப்பளவு ஆழத்துக்கு இரும்புத் தகடு. பார் தொடங்கும் இடத்துக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். முன்னால் இருந்த குகன் கல்லைக் கண்டான்.

"அத்தான், உவரைக் கேளுங்கோ கண் தெரியேல்லையோ எண்டு. முன்னுக்குக் கல்லு, திருப்பச் சொல்லுங்கோ" என்றான்.

நான் குண்டியை நகர்த்தித் திரும்பினேன். கண் தெரியவில்லையோ என்பதை விட்டேன். கல்லு என்பதும் பயமுறுத்துவதாக இருந்தது, அதையும் பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். "அண்ணை, குகன் கவலைப்படுறான், உங்களுக்குக் களைப்பாய் இருக்குமாம், விரும்பினால் கொஞ்சம் வலப்பக்கமாய்..." என்று இழுத்தேன்.

"களைப்போ? எனக்கோ? அவனிட்டைச் சொல்லு..." என்று பெரியண்ணை தொடங்கினார். அவ்வளவில் படகு இடித்தது. நான் பாய்மரத்தடியில் போய் விழுந்தேன், ஊதிய அங்கி என்னைத் திருப்பி எறிந்தது. படகு ஒரு பக்கம் சரிந்து அப்படியே குந்திவிட்டது. "அண்ணை" என்று ஒருதரம் அவன் கத்தியிருந்தால் போதும். அவன் கத்தவில்லை. கல்லில் ஏறினாலும் ஏறுவேன், அவரோடு கதைக்கமாட்டேன் என்ற குடும்பம் அது.

பின்னால் விட்டுவந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. "வெளிநாட்டுப் படகு இப்பொழுது சற்று ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது" என்று ஒலிபெருக்கி சொன்னது. போட்டி முடிந்துதான் இழுக்க ஆள் வரும். கடல் தண்ணீரும் வற்றிக்கொண்டு போனது. பெரியண்ணை நெடுநேரம் இருமினார். குகன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் தந்தான், நான் அவரிடம் கொடுத்தேன்.

குடித்துவிட்டு அவர் கடலைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, அவனிட்டைச் சொல்லு. அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டது பிழை."

நான் திரும்பி, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். குகன் கயிற்று நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"உவருக்குச் சொல்லுங்கோ அத்தான், அம்மாதான் கொழும்புக்கு வரமாட்டன் எண்டு நிண்டவ. தான் அங்கை போய்க் கிடக்கேக்கை மூத்தவன் திடீரெண்டு வந்து நிண்டால், வீடு பூட்டிக் கிடக்கும் எண்டு சொன்னவ."

இதைப் பதினொரு வருடம் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, வதனிக்குக்கூட. கோபத்தில் சொல்லாமல் விட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியல்ல. சொன்னால் அண்ணன் தாங்கமாட்டார் என்றுதான் விட்டிருக்கிறான்.

"என்னவாம்?" என்று பெரியண்ணை கேட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டார்.

"அம்மாதான் வரமாட்டன் எண்டவவாம்" என்றேன்.

"முழுசாய்ச் சொல்லு, தம்பி."

முழுவதையும் சொன்னேன். படிப்பித்த காலத்தில் எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. அவர் தலை குனிந்தபடி இருந்தார். பிறகு, கடைசியில் அம்மாவுக்கு நோவு இருந்ததோ என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இல்லையாம், நித்திரையில்தான் போனவ என்று சொல்லச் சொன்னான் குகன். அந்த நாட்களில் நானும் அங்கே நின்றவன். நோவு இருந்தது, நிறைய இருந்தது. படகில் செய்தியைத் திருத்துபவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். "இல்லையாம் அண்ணை" என்று திரும்பிச் சொன்னேன்.

இயந்திரப் படகு ஒன்று வந்து எங்களை இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் விட்டது. வதனி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தாள்.

"கதைச்சவையோ?" என்றாள்.

"ஓம். என்னோடை" என்றேன்.

இந்த மறுமொழி எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. எந்தப் புருசன் பெண்சாதி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும், "கணக்கு வாத்தியாரைக் கூப்பிடுங்கோ, கல்லில ஏத்தி விடுவார்" என்கிறார்கள். கலியாண வீடுகளில் அந்த ஊதிய அங்கியை ஆடிக்காட்டவும் ஒரு மருமகன் இருக்கிறான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவர்களுக்குத் தெரியாதது அந்த ஒன்பது நாள். பெரியண்ணை எங்கள் வீட்டில் தங்கினார். பதினொரு வருடமாக அண்ணன் நிற்கும்போது எங்கள் படலை மிதிக்காத குகன் வந்தான், அதுவும் ஒவ்வொரு நாளும், மீனோடு. இந்த மீனில் முள்ளுக் குறைவு, பயப்படாமல் சாப்பிடச் சொல்லுங்கோ என்பான். நாளைக்குக் குழம்புக்கு ஏத்த மீனாய்க் கொண்டுவரச் சொல்லு என்பார் அவர். நான் இடையில் இருந்து வாங்கி வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஒரு பின்னேரம், ஒரே ஒரு பின்னேரம், தோட்டத்துக்குத் தண்ணீர் மாற்றப் போகிறேன் என்று நான் எழும்பிப் போயிருந்தால், அவர்கள் இருவரும் நேரே கதைத்திருப்பார்கள். வதனி அடுப்படியில், இடையில் வேறு ஆள் இருந்திருக்காது. எனக்கு அது அந்த நேரம் தோன்றவில்லை. இதற்காக என்னை நான் மன்னித்ததில்லை.

நாலு மாதத்தில் பெரியண்ணை போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டை நோர்வேயிலிருந்து கைப்பேசியில் நேரலையாகக் காட்டினார்கள். எங்கள் மேசையில் பூச்சாடியில் சாத்திவைத்துப் பார்த்தோம். பெட்டி, வெள்ளைப் பூக்கள், கறுப்பு உடுப்புப் போட்ட சனம். குகன் வந்து என் பக்கத்தில் நின்றான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"அத்தான், அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, நான் வந்து நிக்கிறன் எண்டு."

இங்கே பேசினால் அங்கே கேட்காது என்பது எனக்குத் தெரியும். குனிந்து கைப்பேசிக்குக் கிட்ட வாயை வைத்து, "அண்ணை, குகன் வந்து நிக்கிறான்" என்று சொன்னேன். நிமிர்ந்தபோது அவன் திரையைப் பார்க்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று கேட்பதற்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.