சனிக்கிழமைக்கு ஒரு சொப்ட்வெயார்

குருக்கள்மடத்தில் பல் டொக்டராய் இருப்பதில் ஒரு கரைச்சலும் இல்லை. குருக்கள்மடத்து மருமகனாய் இருந்துகொண்டு பல் டொக்டராயும் இருப்பதுதான் சீவனை வாங்கும். ரதீஸ் டொக்டர் பெரியகல்லாற்றுக்காரர். எங்கட பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு வந்து குடியிருப்பவர். அந்த வீட்டின் முன்னறைதான் கிளினிக். முன்மேசையில் இருந்து ஆட்களை உள்ளே விடுவது மனைவி அஜந்தா. அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அவவின் தாய்வழிச் சனம். ஆகவே, ஒழுங்கையில் எத்தனை வாய் உண்டோ அத்தனையும் ஒன்றில் மாமி வாய், இல்லையென்றால் பெரியம்மா வாய், குஞ்சம்மா வாய்.

இந்த வாய்கள் முன்கதவால் வருவதில்லை. குசினிப் பக்கத்தால் வந்து, அஜந்தாவோடு தேத்தண்ணி குடித்து, "மருமகன், ஒருக்கா எட்டிப் பாருங்களன்" என்று கதிரையில் ஏறிக் கிடக்கும். அதுவும் பார்த்துப் பார்த்து சனிக்கிழமை பின்னேரம் வரும். கிழமை முழுக்க ஊரார் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனுசன், அந்த ஒரு பின்னேரம் மட்டும் கூட்டாளி அம்ஜத்தின் தோணியில் வாவிக்குள் போய்த் தூண்டிலைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்க ஆசைப்பட்டார். மீனுக்கும் பல் இருக்கு. ஆனால் அது பல்லுக்கொதி என்று கதை சொல்லாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை கூட அவருக்குக் கிடைக்கவில்லை, பாவம்.

கடைசியில் சபதம் எடுத்தார். கிளினிக்கை நடத்துகிற சொப்ட்வெயார் ஒன்று வாங்குவது. மாமிக்கு முன்னால் மருமகன் "ஏலா" என்று சொல்ல முடியாது. மிசின் சொல்லலாம்தானே, மிசினுக்கு ஏது மாமி?

முதலாவது கம்பனிக்காரன் எல்லாம் காட்டினான். எக்ஸ்ரே தெரியுமாம், மருந்துச் சிட்டை அடிக்குமாம், நோயாளிக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்புமாம். ரதீஸ் கேட்டது ஒன்றே ஒன்று: புக்கிங் இல்லாமல் ஒராள் வந்தால் என்ன செய்யும்? அதற்கொரு பட்டன் இருக்கு, அமத்தினால் உள்ளே எடுக்கலாம் என்றான். அவனை அத்தோடு அனுப்பிவிட்டார். இரண்டாவதில் பட்டன் இல்லை, ஆனால் "அவசரம்" என்று எழுதினால் விட்டுவிடும். பெரியம்மாவுக்கு எந்த நாளில் அவசரம் இல்லை? மூன்றாவதுதான் இரும்பு. முந்தின நாளே புக் பண்ணாத ஆளின் பக்கமே திரையில் திறக்காது. மருந்தும் எழுத விடாது. கொஞ்சம் கடும்தான் டொக்டர் என்று கம்பனிப் பொடியன் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னான். ரதீஸுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அஜந்தா சண்டைக்கு வருவா என்று பார்த்தார். அவவோ, "நல்லந்தானே, செய்ங்க" என்று புட்டை வைத்துவிட்டுப் போய்விட்டா. அப்போதே பயந்திருக்க வேண்டும். படித்த மனுசன், பயப்படவில்லை.

எல்லாம் முடிகிற நேரம் கிளினிக் ஆருடைய பேரில் என்று பொடியன் போனில் கேட்டான். வீடு, வளவு, கிளினிக் பதிவு எல்லாமே சீதனத்தோடு சீதனமாய் அஜந்தா பேரில்தான். இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் யோசிக்காமலே சொல்லுகிற பதிலை ரதீஸும் சொன்னார்.

"எல்லாம் அவட பேரிலதான் தம்பி."

பொடியன் அப்படியே பதிந்துவிட்டான். சொப்ட்வெயாரின் கணக்கில் அஜந்தா உரிமையாளர். ரதீஸ் வேலைக்கு வைத்த டொக்டர்.

அந்தச் சனிக்கிழமை திரையைத் திறந்தார். பொழுதுபடும் வரைக்கும் நிரம்பிக் கிடந்தது. வெள்ளிக்கிழமையே அஜந்தா குசினிக்குள் நின்றபடி, தேங்காய் துருவுகிற இடைவெளியில், தன் போனால் ஒவ்வொரு வாயையும் ஒழுங்காகப் புக் பண்ணியிருந்தா. முந்தி குசினியால் வந்தவர்கள் இப்போது முன்கதவால், நேரம் தவறாமல் வந்தார்கள். முந்தியென்றால் முணுமுணுக்கவாவது ஒரு நியாயம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அடுத்த சனிக்கு லீவு கேட்டு அமத்தினார். உள்ளே அஜந்தாவின் போன் சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் திரையில் விழுந்தது: மறுக்கப்பட்டது. கம்பனிக்குப் போன் எடுத்தார். உரிமையாளரிடம் கேளுங்க டொக்டர் என்றான் பொடியன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ரதீஸ் தன் நோயாளிக் கதிரையிலேயே சாய்ந்து கிடந்து, எதற்குப் பிறந்தேன் என்று யோசித்தார்.

அந்தக் கதிரையில் கிடந்தபோதுதான் யோசனை வந்தது. நோயாளியைப் பதிய டொக்டருக்கும் அனுமதி இருக்கே! ஒரு நோயாளியை உண்டாக்கினார். பேர் வல்லிபுரம். ஊர் தன்னாமுனை, அங்கே அஜந்தாவுக்குச் சொந்தம் ஒருவரும் இல்லை. போன் இலக்கத்துக்குக் கைக்கு வந்ததை அடித்தார். கடவாய்ப்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, சனிக்கிழமை பின்னேரம் முழுக்க வல்லிபுரத்துக்கே. வல்லிபுரம் வரமாட்டார். வராத ஆளைப் பார்த்துக் கொஞ்சம் சலித்துக்கொண்டு, சும்மா ஒரு சுத்துப் போய்வாறன் என்று கிளம்பினால் நேரே தோணிதான். அம்ஜத்தும் இரையோடு நிற்பதாகச் சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம் கையுறையைக் கழற்றி எறிந்தார். மனதுக்குள் வாவிக்காற்று அடித்தது. அஜந்தா கதவடியில் வந்து நின்றா.

"இஞ்சேருங்க, வல்லிபுரத்தார் நேத்தே போன் எடுத்தவர்."

ரதீஸ் திரும்பிப் பார்த்தார். "ஆரு?"

"தன்னாமுனை வல்லிபுரத்தார். பல்லுக்கொதி சுகமாப் போச்சாம், வரல்லையாம். டொக்டர்ர நேரம் வீணாகப் போகக்கூடாதெண்டு நேரத்தோட சொல்றாராம். பெரியம்மாவையும் குஞ்சம்மாவையும் அப்பவே அந்த நேரத்துக்குப் போட்டுட்டன், முன்னுக்கு இருக்காங்க."

வல்லிபுரம் என்று ஒரு மனுசன் இந்த உலகத்திலேயே இல்லை. அதைச் சொன்னால், அது தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அஜந்தா கண்வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றா.

"எவ்வளவு நல்ல மனுசன், என்ன?"

"ஓம்," என்றார் ரதீஸ், புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு. "நல்ல மனுசன்."