தராசுக்காரர் சொன்ன சாம்பலான் கதை

எங்கள் புளி மண்டித் தராசுக்காரரைப் போல எடையில் ஒரு சுளைகூடக் கூட்டிக் குறைக்காத மனிதர் தர்மபுரி ஜில்லாவில் கிடையாது. அவரைப் போலக் கதையில் வண்டி வண்டியாகப் பொய்யை ஏற்றி இறக்கியவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி அரூர் பக்கம் வருகிற வழியில் இருக்கிறது எங்கள் மண்டி. ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுப்பதும் நாரை உருவுவதும் எங்கள் வேலை. எல்லாம் பெண்கள். அத்தனை பேரிலும் நான்தான் மூத்தவள், வேகத்திலும் நான்தான் முதல். இன்றைக்கும் நேற்றுக் கல்யாணமான பெண் ஒருத்தியாலும் என் கூடையை எட்டிப் பிடிக்க முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

சாயங்காலம் ஆனால் தராசுக்காரர் எடை போடுவார். எடை என்றால் அவருக்குப் பூசை மாதிரி. முதலில் மின்விசிறியை நிறுத்துவார். அப்புறம் எங்கள் பேச்சை நிறுத்துவார். ஒருநாள் என் புளிக் குவியலில் ஒரு ஈ வந்து உட்கார்ந்துவிட்டது. மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னா தராசு, எடையச் சொல்லேன். பஸ்சு போயிரும்."

"ஈ ஒக்காந்திருக்குதுங்கக்கா. அது எந்திரிக்கட்டும்."

"ஈக்கு என்னா எடை இருக்கப் போவுது?"

"அது எனக்குத் தெரியாதுங்களே. தெரியாத ஒண்ண உங்க புளியில எப்படிங்க சேக்கறது?"

பஸ் போய்விட்டது. ஈ அதற்கப்புறம்தான் எழுந்தது.

புளி வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? சோறு தின்னும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பசை. அந்தக் கையால் போனைத் தொட்டால் போன் கையோடு வந்துவிடும். மண்டியில் சுத்தமான கை தராசுக்காரருக்கு மட்டும்தான். அதனால்தான் அவருடைய போனைத் தகர டின்மேல் சாய்த்து வைத்து நாங்கள் எல்லோரும் 'சாம்பலான்' பார்க்கத் தொடங்கினோம்.

அது வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள். கதாநாயகன் தீயணைப்பு வண்டியில் வேலை பார்க்கிறவன். குடிசைகளைக் கொளுத்திவிட்டு நிலத்தைப் பிடுங்கும் கும்பல் ஒன்று அவனையும் உள்ளே வைத்துக் கொளுத்திவிடுகிறது. சாக வேண்டியவன் உடம்பெல்லாம் சாம்பலோடு எழுந்து வருகிறான். அதற்குப் பிறகு நெருப்பு அவனைச் சுடாது. ஆனால் அடி வலிக்கும். பறக்கவும் மாட்டான். ஒருத்தனை அடித்துவிட்டு மூன்று பேரிடம் வாங்கிக்கொண்டு குப்பைத் தொட்டி ஓரமாகக் கிடப்பான். ஒரு நர்ஸ் பெண் வந்து தையல் போட்டுத் தூக்கிக்கொண்டு போவாள். அவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டான்.

அந்தத் தொடரில் முக்கால்வாசி நேரம் இருட்டு. வீட்டுக்குள்ளும் இருட்டு, ஆபீசுக்குள்ளும் இருட்டு.

"அந்தூர்ல கரண்டுக்குப் பணம் கட்ட மாட்டாங்களா?" என்பாள் லூர்து மேரி. கோயில் காரியம் எதற்கும் முதல் ஆளாக நிற்கிற வேதக்காரப் பெண், என் பக்கத்துக் கல். நர்ஸ் கழுத்தில் சிலுவையைப் பார்த்த நாளிலிருந்து அவளைத் தன் சொந்தக்காரி போலவே பேசுவாள்.

"இருட்டா இருந்தாத்தான் அது நல்ல தொடருங்க. வெளிச்சமா இருந்தா அது மாமியா மருமவ கதை" என்பார் தராசுக்காரர்.

சோற்று நேரத்தில் எங்களுக்குள் பெரிய வழக்கு நடக்கும். கையில் சிக்கிய வில்லனைச் சாம்பலான் கொல்லாமல் போலீசில் விட்டது சரியா தப்பா என்று இரண்டு கட்சி.

"கொன்னா இவனுக்கும் அவனுக்கும் என்னா வித்தியாசம்?" என்றாள் லூர்து மேரி.

"வித்தியாசம் என்னாவா? அவன் செத்திருப்பான், இவன் இருப்பான். இதைவிட என்னாடி வித்தியாசம் வேணும்?" என்றேன் நான். "எங்க முனியப்பனா இருந்தா இப்படி வுட்டுட்டு வருவாரா? கையில அருவா வெச்சிருக்கறது காய் நறுக்கவா?"

இந்த வழக்கில் வாய் திறக்காத ஒருத்தி பூங்கொடி. சின்னப் பெண், சுத்தி பிடிக்காமல் உட்கார்ந்தபடி நார் மட்டும் உருவுவாள். அவளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டு தடவையும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இப்போது மூன்றாவது. வீட்டில் இருந்தால் மாமியாரின் பார்வை அவள் வயிற்றைவிட்டு நகர்வதில்லையாம். அந்தப் பார்வைக்குப் பயந்து மண்டிக்கு வருவாள்.

தொடரின் முதல் பாகம் முடிகிறபோது அந்த நர்ஸும் முழுகாமல் இருந்தாள். அன்றைக்குத்தான் பூங்கொடி முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினாள்.

"நர்ஸக்காவுக்கும் எனக்கும் ஒரே மாசமாத்தான் இருக்கும் பெரியம்மா. பாருங்க, அவுங்களுக்கு நல்லபடியா ஆச்சின்னா எனக்கும் ஆயிரும்."

இப்படி ஒன்றோடு ஒன்றை முடிந்து வைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் இருந்த தெம்பைப் பார்த்து மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் மண்டியே சாம்பலானை விட்டுவிட்டு நர்ஸின் வயிற்றைத்தான் பார்த்தது.

இரண்டாம் பாகம் வந்தது. வந்த இடத்தில் ஒரு இடி. தமிழில் இல்லை, முழுக்க இங்கிலீஷ்.

"நான் சொல்றேனுங்க. பெங்களூர்ல ஓட்டல்ல இருந்தவன், எனக்குத் தெரியாத இங்கிலீஷா?" என்று தராசுக்காரர் போனின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் வாயில் வில்லன்கள் எல்லாம் சேலத்துத் தரகர் மாதிரி பேசினார்கள். "ஏப்பா சாம்பலு, நீ பாட்டுக்கு நீ இரு, நான் பாட்டுக்குக் கொளுத்தறேன்" என்பான் ஒருத்தன். அந்த ஊர்ப் போலீஸ் கமிஷனர் கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார். தமிழில் கேட்டதைவிட இது நன்றாகவே இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கதை பாதியில் நின்றது. தராசுக்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வழக்கம்போல இருட்டு, நடுவில் கொஞ்சம் நெருப்பு.

"என்னாங்கண்ணா ஆச்சு?" என்றாள் பூங்கொடி. அவளுக்கு அது ஐந்தாம் மாதம்.

தராசுக்காரர் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நர்ஸ் பொண்ணு தாய் வூட்டுக்குப் போயிருச்சும்மா."

"அஞ்சாம் மாசத்துலயேவா?" என்றேன்.

"அந்தூர்ல குளுரு சாஸ்திங்கக்கா. பொறந்த வூட்டுல முன்னாடியே கூட்டிக்கிட்டுப் போயிருவாங்களாம்."

மண்டி முழுக்க ஒரு பெருமூச்சு. இதைவிட நியாயமான காரணம் உலகத்தில் உண்டா? பிள்ளை பெறப்போகிறவள் தாய் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? எந்த நாடாக இருந்தால் என்ன? அதன் பிறகு அந்தப் பெண் திரையில் வராததை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. வந்திருந்தால்தான் சண்டை போட்டிருப்பார்கள், மசக்கைக்காரியை ஏன் அலைய விடுகிறீர்கள் என்று.

ஆனால் பெண்கள் சும்மா இருப்பார்களா? வளையல் போட்டார்களா, எத்தனை வகைச் சோறு கட்டினார்கள், புருஷன் வாரத்துக்கு ஒருதடவையாவது போய்ப் பார்க்கிறானா என்று பிடுங்கி எடுத்தார்கள். மனிதருக்கு வளைகாப்பில் என்ன நடக்கும் என்று தெரியாது. "புளிச்சோறு கட்டினாங்க" என்பதோடு நின்றுவிட்டார்.

மறுநாள் ஓடிய பகுதிதான் அவருக்குச் சோதனை. அதிசயமாகத் திரையில் வெளிச்சம். மழை பெய்கிறது, எல்லோரும் கறுப்புக் கோட்டு, நடுவில் ஒரு பெட்டி. லூர்து மேரி சுத்தியைக் கீழே வைத்தாள்.

"இது கல்லறைத் தோட்டமுங்களே! சிலுவை நிக்குது பாருங்க. யார் செத்தது?"

"வில்லனோட மச்சான்" என்றார் தராசுக்காரர், கண் இமைக்காமல்.

"அப்ப சாம்பலான் என்னாத்துக்கு இப்படித் தேம்பித் தேம்பி அழுவறான்?"

"நல்ல மனசுங்க. எதிராளி வூட்டு எழவுன்னாலும் போயி அழுதுட்டுத்தான் வருவான்."

"இவன் ஏன் அடி வாங்கிக்கிட்டே இருக்கான்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் அவள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டின்னுக்குப் பக்கத்துக் கல் என்னுடையது. அந்தப் பெட்டிக்கு மேலே வைத்திருந்த படத்தை நான் பார்த்துவிட்டேன். நர்ஸ் பெண்தான், சிரித்தபடி இருந்தாள்.

சாயங்காலம் எடைக்குக் கடைசி ஆளாக நின்றேன்.

"தராசு, அந்தப் பொண்ணு செத்துருச்சில்ல?"

"மெதுவாங்கக்கா."

"வயித்துல இருந்தது?"

தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரியோட வெச்சிக் கொளுத்திட்டானுங்க. கதை எழுதனவனுக்கு மனசே இல்லீங்க. நான் எப்படிங்கக்கா அந்தப் புள்ளைகிட்ட சொல்றது? அது தினமும் ரெண்டு கையையும் வயித்து மேல வெச்சிக்கிட்டு இல்ல கதை கேக்குது."

"ஈயைக்கூட எடையில சேக்க மாட்டேன்ன ஆளு நீ."

"எடை வேறங்க. இந்தப் பொய்யைச் சொல்லிட்டுப் போயும் எனக்குச் சோறு எறங்குது. அதான் எனக்கே ஆச்சரியம்."

மறுநாளிலிருந்து நானும் கூட்டு. வெளிச்சமான காட்சி வந்தால் கூடையைத் தூக்கி டின்னுக்கு முன்னால் வைத்து மறைப்பேன். வளைகாப்பு விவகாரத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். ஏழு வகைச் சோறு, பொரித்த வடகம், வேப்பிலைக் காப்பு எல்லாம் நான் சேர்த்தது. தராசுக்காரர் சொன்ன சண்டைக் காட்சிகளைவிட என் வளைகாப்பு நன்றாக எடுபட்டது. கேட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பூங்கொடியின் ஐந்தாம் மாதம் தாண்டியது. ஆறாவதும் தாண்டியது. அவள் கன்னம் பூசினாற்போல ஆனது. அந்தச் சமயம் பார்த்து லூர்து மேரியின் மகள் ஸ்டெல்லா, தர்மபுரியில் ஆஸ்டலில் இருந்து படிக்கிறவள், லீவுக்கு வந்து அம்மாவுக்குக் கைகொடுக்க மண்டியில் உட்கார்ந்தாள். டின் மேல் ஓடுகிறதைப் பார்த்தாள். கண் விரிந்தது.

"ஐ, சாம்பலானா? ஆஸ்டல்ல நாங்க எல்லாம் இதுக்குப் பைத்தியம்! அந்த நர்ஸ் சீனுக்கு நான் ரெண்டு நாளு சாப்பிடவே இல்ல…"

பூங்கொடியின் கை நாரோடு நின்றது. "ஏன்? நர்ஸக்காவுக்கு என்னா?"

கூடையை எடுத்து அந்தப் பெண்ணின் வாயை மறைக்க முடியுமா?

தராசுக்காரர் முக்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். மண்டியே அதிரும்படி கத்தினார்.

"எல்லாரும் நிறுத்துங்க! நேத்துப் போட்ட எடை மொத்தமும் தப்பு! நான் தப்பா எடை போட்டுட்டேன்!"

இடி விழுந்திருந்தாலும் அப்படி ஆகியிருக்காது. அத்தனை சுத்தியும் நின்றது. பெண்கள் எல்லோரும் எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "தப்பா? நீயா?" "எத்தினி நாளா நடக்குது இது?" "யோக்கியன்னு நம்புனமே!" முதலாளி உள்ளே இருந்து ஓடிவந்தார். அவர் ஆரம்பித்த திட்டு தெரு வரைக்கும் கேட்டது. ஊரே பார்க்கத் தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான். அதை எடுத்து நடுவில் போட்டுவிட்டார்.

அந்தச் சந்தடியில் நான் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். படித்த பிள்ளை, சட்டென்று புரிந்துகொண்டது. கண்ணைத் துடைத்தபடி, "அந்த அங்கிள்தான் பெரியம்மா நிஜமான சாம்பலான்" என்றது.

"அங்கிளாவது? இப்ப உள்ள போ. வாயைத் திறந்தா நல்லதா ஒரு வார்த்தை சொல்லு."

முன்பக்கம் வந்தால், நேற்றைய மூட்டைகளை எல்லாம் இறக்கி முதலாளியே நின்று மறுபடி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றிலும் ஒரு சுளை வித்தியாசம் இல்லை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெயில் தலைக்கேறிப் போச்சு, போயி மோரு குடிய்யா" என்று முதலாளி உள்ளே போனார். ஸ்டெல்லா பூங்கொடி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நர்ஸைப் பிரிஞ்சி சாம்பலான் தனியா இருக்கானேன்னுதான் அக்கா நான் சாப்பிடல. அவங்க அம்மா வீட்டுல நல்லா இருக்காங்க" என்றாள். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளையே சொல்லிவிட்டது. இனி அப்பீல் கிடையாது.

ஒன்பதாம் மாதம் பூங்கொடிக்கும் வளையல் அடுக்கி ஏரியூரில் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் போனபின் தராசுக்காரருக்குக் கதை ஓடவில்லை. எடை போடும்போதுகூட ஒரு கண் போன் மேலேயே இருந்தது. ஒருநாள் முற்பகலில் அது அடித்தது. அவர் சத்தத்தைக் கூட்டி எங்கள் நடுவில் பிடித்தார்.

"அண்ணா, பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லாருக்கோம்."

மண்டியில் எழுந்த கூச்சலில் தெருநாய் எல்லாம் குரைத்தது. அது அடங்கியதும் பூங்கொடியின் குரல் மெதுவாக வந்தது. "நர்ஸக்காவுக்கு ஆயிருச்சுங்களாண்ணா?"

தராசுக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். குரலைச் சரி செய்துகொண்டார்.

"ஆச்சும்மா. பையன். உம் பொண்ணுக்கு ரெண்டு நாளு மூத்தவன்."

மண்டி இன்னொரு தடவை கூச்சல் போட்டது. மண்ணுக்குள் போனவளுக்கு நானும் சேர்ந்து கைதட்டினேன்.

இப்போது மூன்றாம் பாகம் வந்திருக்கிறது. அதுவும் இங்கிலீஷ், அதுவும் இருட்டு. பூங்கொடி திரும்ப வேலைக்கு வருகிறாள். பிள்ளை சாக்கு மேல் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருக்கும். ஸ்டெல்லா அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாளா, அவளுக்கே தெரிந்துவிட்டதா, நான் கேட்டதில்லை. போன வாரம் லூர்து மேரிதான் ஆரம்பித்தாள், நர்ஸ் ஏன் இன்னும் புருஷன் வீட்டுக்கு வரவில்லை என்று.

"பையனுக்குக் காய்ச்சலுங்க" என்றார் தராசுக்காரர். "அதான் அங்கியே நிறுத்திக்கிட்டாங்க."

"கசாயம் வெச்சிக் குடுக்கச் சொல்லுங்கண்ணா" என்றாள் பூங்கொடி, நாரை உருவிக்கொண்டே.

"சொல்லிடறேம்மா" என்று அவர் அந்த இருட்டுப் பக்கமாகக் குனிந்து, நிஜமாகவே சொன்னார்.

நானும் சுத்தியைக் கீழே வைத்தேன். "சின்னப் புள்ள, மெளகு காரம் ரவ கம்மியாப் போடச் சொல்லு, தம்பி" என்றேன்.