இன்னைக்கு ஆராயி முறை

“சென்னை ட்ரெய்னிங்குக்கு இந்தத் தடவை என்னை அனுப்புங்க சார்.”

திரௌபதி கேட்டேவிட்டாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே பக்கத்து மேஜை மேரிசெல்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “இந்த ஆபீஸ்ல லீவு கேளு, ஃபேன் ஓடலன்னு சண்டை போடு. ட்ரெய்னிங் மட்டும் கேட்டுடாத. அது சாரோட அக்கா பையனுக்குன்னு பட்டா போட்டது.”

அந்தத் தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் தெய்வசிகாமணி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“மணிவண்ணன் போறானேம்மா.”

“போன வருஷம் ரெண்டு தடவையும் அவர்தான் சார் போனாரு. என்ன கொண்டாந்தாரு? ஒரு பை. அந்தப் பையிலதான் இப்ப அவங்க வீட்ல வெங்காயம் தொங்குது.”

பெருமுக்கல் ஊர்க்காரி திரௌபதிக்கு வாய் அப்படி. அவள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அவள் அப்பாவுக்கு, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

வேலை இதுதான். சுனாமி வந்துபோய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் உதவி செய்ய வந்த அமைப்புகளை எண்ணி மாளாது. கொடுத்த தையல் மெஷின் ஓடுகிறதா, கூரை நிற்கிறதா, மனசு தேறியதா என்று கேட்டு எழுத ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் ஆள் வேண்டும். கேட்டு எழுதுவதற்கு மதிப்பீடு என்று பெயர்.

திரௌபதி அதை ஒழுங்காகச் செய்தாள். பகலில் பெண்கள் உப்பளத்தில் நிற்பார்கள் என்று, சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஏறினாள். ஆறே நாளில் அறுபத்திரண்டு வீடு. முதல் வீடு ஆராயி வீடு. தன் மகள் படித்துப் பார்க்கட்டும் என்று ஆராயி எழுதாத ஃபாரம் ஒன்றைக்கூடக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் யாரும் தயங்கவில்லை. கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. அவ்வளவு நன்றாக வந்த அறிக்கையின் அட்டையில், ‘தகவல் சேகரிப்பு: மணிவண்ணன்’ என்று அச்சடித்து வந்தது.

அந்தக் கோபம்தான் இப்போது இயக்குநர் மேஜைக்கு முன்னால் நின்றது.

தெய்வசிகாமணி டைரியைப் புரட்டினார்.

“சனிக்கிழமை குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ்ல மதிப்பீட்டாளருங்க மீட்டிங். ட்ரெய்னிங் சீட்டு குடுக்கற வெங்கடாசலம் புரொபசரே வர்றாரு. பேசறதுக்கு உப்பளத்துப் பொம்பளைங்க மூணு பேர் வேணுமாம். கூட்டிட்டு வந்துடு, சீட்டு உனக்கு.”

“நிஜமாவா சார்?”

“நான் எப்பம்மா பொய் சொன்னேன்?”

வாய் வரை வந்த பதிலைத் திரௌபதி வாழ்க்கையில் முதல்முறையாக விழுங்கினாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக உப்பளத்தில் போய் நின்றாள். நல்ல வெயில் காலம், பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடந்தது. தலையோடு முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியும் நிமிரவில்லை.

“விளைஞ்சதை வுட்டுட்டு மீட்டிங்குக்கு வரணுமா? நல்லாக் கேட்ட போ.”

“மூணே மூணு பேர் வந்தா போதும்க்கா! மத்தியானம் பிரியாணி!” என்றாள் திரௌபதி.

“இன்னைக்கு ஆராயி முறை. அவளை இட்டுக்கினு போ.”

கரையில் ஒரு சாக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆராயி, பிரியாணி என்றதுமே எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முன்பல் ஒன்று இல்லை. நெற்றியில் அரை ரூபாய் அளவுக்குக் குங்குமம்.

என்ன முறை என்று திரௌபதி கேட்கவில்லை. ரோட்டில் சுமோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“மீதி ரெண்டு பேர் எங்க?” என்றார் தெய்வசிகாமணி, கெஸ்ட் ஹவுஸ் வாசலிலேயே.

“ஜுரம் சார்.”

“ரெண்டு பேருக்குமா? சரி, வந்த ஒண்ணையாவது பத்திரமாப் பாத்துக்க. பேட்ஜ் எழுதிக் குத்து.”

‘ஆராயி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் குத்தினாள். குத்தி முடிக்கவில்லை, புதுச்சேரியிலிருந்து வந்த ரேணுகா மேடம் ஓடிவந்து ஆராயியைக் கட்டிக்கொண்டாள்.

“லட்சுமியம்மா! எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேங்க மேடம்,” என்றாள் ஆராயி, இமைகூடத் தட்டாமல்.

ரேணுகா மேடத்தின் ஆய்வு, கணவனை இழந்த பெண்களைப் பற்றியது. அவள் கண் ஆராயியின் குங்குமத்தில் போய் நின்றது.

“பொட்டு வெக்க ஆரம்பிச்சுட்டீங்களா!” மேடத்துக்குக் குரலே தழுதழுத்தது. “எங்க கவுன்சிலிங்தான்! இதைவிட என்ன இம்பாக்ட் வேணும்?” நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பேட்ஜைப் பார்த்தாள். “ஆராயின்னு போட்டிருக்கு?”

“மாறிப்போச்சு மேடம், இதோ,” என்று திரௌபதி பிடுங்கி ‘லட்சுமியம்மாள்’ என்று புதிதாக எழுதிக் குத்தினாள். சமாளித்தாகிவிட்டது என்று மூச்சுவிட்டாள்.

“சகாயமேரி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சர்ச் அமைப்பு ஒன்றுக்கு மதிப்பீடு எழுதும் ஆரோக்கியராஜ் சார். “சர்ச்சுல பாக்கவே முடியறதில்லைன்னு ஃபாதர் சொன்னாரே?”

ஆராயி முந்தானையால் நெற்றியை ஒரு தேய் தேய்த்துவிட்டுத் திரும்பி, சிலுவை போட்டுக்கொண்டாள். திரௌபதி பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டு, “அவங்களுக்கு டீ குடுக்கணும் சார்,” என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

டீ மேஜையில் தேவா நின்றிருந்தான். இன்னோர் அமைப்புக்கு மதிப்பீடு எழுத வந்த, மூக்குக் கண்ணாடி போட்ட சென்னைப் பையன், வேலைக்குப் புதுசு.

“முத்தம்மாக்கா!” என்று சிரித்தவன், அவள் வெறும் நெற்றியைப் பார்த்தான். டம்ளரை மேஜையில் வைத்தான். “அக்கா... அண்ணனுக்கு என்ன ஆச்சு?”

“அதுக்கு என்ன கேடு? வீட்ல தூங்குது.”

“அதிர்ச்சியில பேசறாங்க,” என்று தேவா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திரௌபதி ஆராயியைப் பலா மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

“யாருக்கா நீங்க? எத்தினி பேரு உங்களுக்கு?”

“கத்தாத பாப்பா. போன வருஷம் மொத மொத ஒரு ஆபீஸ் வந்துச்சு. கையில லிஸ்டு. ‘லட்சுமியம்மாள் யாரு’ன்னாங்க. அவ பாத்தியில நிக்கறா. ஏறி வந்து, காலைக் கழுவி, பதில் சொல்லிட்டுப் போறதுக்குள்ள அரை நாள் போச்சு. மறுநாள் வேற ஆபீஸ், வேற லிஸ்டு. அப்புறம் எங்க உப்பு வாருறது? அதான் முறை போட்டோம். முறைக்காரி கரையில குந்திக்கணும். எந்தப் பேரைக் கேட்டாலும் ‘நான்தாங்க’ன்னுடணும். அவ பாத்தியை மத்தவங்க வாரிடுவாங்க.”

“எல்லா ஆபீஸ்லயும் உங்களைத்தானே தெரியுது?”

“எனக்கு இடுப்புவலி. எல்லார் முறையையும் நானே வாங்கிக்கினேன்.” ஆராயி பெருமையாகச் சிரித்தாள். “நல்லாவும் பேசறேனாம்.”

உள்ளே மைக்கில் வெங்கடாசலம் புரொபசர் குரல் கேட்டது. “நாமெல்லாம் தனித்தனியா வேலை பாக்கறோம். இன்னைக்கு ஒருத்தரோட ஒருத்தர் பேசணும். கார்டு மாத்திக்கணும். அதுக்குத்தான் இந்த மீட்டிங்!”

திரௌபதிக்குப் புரிந்தது. இந்த மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசினால் அவள் சீட்டு போயிற்று.

ஓடினாள். ரேணுகா மேடமும் ஆரோக்கியராஜ் சாரும் விசிட்டிங் கார்டை நீட்டிக்கொண்டு நெருங்கிய நேரத்தில் நடுவில் பஜ்ஜித் தட்டோடு புகுந்தாள். “மேடம், அந்த சாருக்குப் பொம்பளைங்க ஆராய்ச்சி பண்ணா பிடிக்காது,” என்று ஒரு காதில் ஊதினாள். “சார், அந்த மேடம் உங்க ரிப்போர்ட்டைப் படிச்சுட்டுச் சிரிச்சாங்க,” என்று மறு காதில் ஊதினாள். தேவாவைக் காணாமல்போன மைக் கவரைத் தேடச்சொல்லி மாடிக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில் மூன்று பேரும் மூன்று மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அது புரொபசர் கண்ணில் பட்டது.

“ஏன் இவ்வளவு கூச்சம்? சரி, இப்படிச் செய்வோம். அவங்கவங்க ஆய்வுல மனசைத் தொட்ட ஒரு பெண்ணோட படத்தை ஸ்கிரீன்ல போட்டு ஒரு நிமிஷம் பேசுங்க. அப்பத்தான் சகஜமாவீங்க!”

தடுக்க வழியில்லை. ரேணுகா மேடம் முதலில் போட்டாள். உப்புக் குவியலுக்கு முன்னால், தலையில் துணி சுற்றிய ஒரு பெண். “லட்சுமியம்மாள். இருட்டுலேருந்து வெளிச்சத்துக்கு வந்தவங்க.” கைதட்டல்.

ஆரோக்கியராஜ் சார் போட்டார். அதே குவியல், அதே துணி. “சகாயமேரி. விசுவாசமான உழைப்பாளி.” கைதட்டல் கொஞ்சம் தடுமாறியது.

தேவா போட்ட படத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. “முத்தம்மாள்,” என்று தொடங்கியவன் முடிக்கவில்லை.

ரேணுகா மேடமும் ஆரோக்கியராஜ் சாரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

தெய்வசிகாமணி திரௌபதியின் காதோரம் குனிந்தார். “மூணும் அக்கா தங்கச்சிங்க, ஒரே ஜாடைன்னு சொல்லிடு. சொல்லு, சீட்டு உனக்கு.”

சொன்னால் போதும். மூன்று மாதம் சென்னை, சர்டிபிகேட், அட்டையில் பெயர். திரௌபதி எழுந்தாள்.

“ஒரே ஆளு சார். பேரு ஆராயி. அதோ கடைசி வரிசையில பஜ்ஜி தின்னுக்கினு இருக்காங்க.”

இனி நிறுத்த முடியாது. “லிஸ்ட்ல இருந்த பேரைப் படிச்சு ‘நீதானா’ன்னு கேட்டீங்க. அவங்க ‘ஆமா’ன்னாங்க. உங்க பேரு என்னம்மான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? பாத்தியில இறங்கி யாராவது தேடினீங்களா? ஷூ நனைஞ்சுடும்ல!”

கத்தலில் கெஸ்ட் ஹவுஸ் ஓடு பறந்தது.

“என் விதவை உங்க கிறிஸ்டியனா?”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைன்னு சொன்னாங்க? எனக்கு நாலு!”

“எனக்குக் குழந்தையே இல்லைன்னாங்களே!”

எல்லோரும் எல்லோரோடும் பேசினார்கள். கத்திக்கொண்டே கார்டு மாற்றிக்கொண்டார்கள். புரொபசர் எதிர்பார்த்த மீட்டிங் அப்போதுதான் தொடங்கியது.

அவர் மட்டும் திரௌபதியிடம் வந்தார். “நீயும் சர்வே செஞ்சியாம்மா?”

“செஞ்சேன் சார். பகல்ல போகல. சாயங்காலம், வீட்டுக்கு வீடு. அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு மூஞ்சி. ஒவ்வொரு பேரும் நானே கேட்டு எழுதினது.”

“நான் படிச்சேன். பதிலெல்லாம் அவ்வளவு தெளிவு. ஆனா அதுல மணிவண்ணன்னு...” சொல்லிக்கொண்டே தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி மின்விசிறியைப் பார்த்தார். புரொபசருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்தார். “இந்த ரூம்ல நம்பக்கூடிய தகவல் உங்கிட்ட மட்டும்தான் இருக்கு. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சென்னைக்கு வந்துடு. ஆபீஸ் லெட்டர் வேணாம். நான் சொன்னா போதும்.”

“எங்க பொண்ணு சார்! நான்தான் பழக்கினேன்!” என்று தெய்வசிகாமணி கைதட்டினார்.

திரௌபதி தன் பேட்ஜைக் கழற்றினாள். பெயருக்குக் கீழே அச்சடித்திருந்த ஆபீஸ் பெயரைக் கிழித்து அவர் கையில் வைத்தாள். தன் பெயர் இருந்த பாதியைத் திரும்பக் குத்திக்கொண்டாள்.

“இது உங்களது சார். திங்கக்கிழமை நான் வரல. மணிவண்ணன் கிட்டயே அறுபத்திரண்டு வீட்டுக்கும் வழி கேட்டுக்குங்க.”

திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். வெயில், செம்மண் ரோடு, முந்திரித் தோப்பு எல்லாமே இன்று அவளுக்காகவே இருந்தன. பின்னால் ஆராயி பிரியாணிப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“பாப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கக்கா. இன்னைக்கு எதுக்கும் கோச்சுக்க மாட்டேன்.” திரௌபதி நடையைக் குறைக்கவில்லை.

“நீ சாயங்காலத்துல வருவ, அவளுங்களுக்கு உலை வெக்கற நேரம். அதான் நீ குடுத்த அந்த ஃபாரத்தை வெச்சுக்கினு, எல்லா வீட்டுக்கும் பதிலை நான்தான் சொல்லிக்குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சேன். ஆனா நீ நம்ம பொண்ணாச்சே, அதனால பேரை மட்டும் அவங்கவங்க பேரையே சொல்லச் சொன்னேன்.”