ரேகை வைக்கப் போன இடத்துல முந்திரி ஒடைச்ச கத

இன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரேஷன் கடைக்குப் போயி, மிஷின்ல ரேகை வச்சு, அரிசி வாங்கிட்டு வரணும்.

மாசக் கடைசி நாள். இன்னைக்கு விட்டா இந்த மாச அரிசி போச்சு. எங்க வீட்டுக்காரம்மா ஜெயாவோட விரல அந்த மிஷின் என்னைக்குமே மதிச்சதில்ல. குடும்பத்துல செல்லுபடியாகுற ஒரே விரல் என்னோடதுதான். அதுல எனக்கு ஒரு கெத்து வேற!

"நேராப் போயி நேரா வாங்க. அங்கிட்டு இங்கிட்டு நின்னு கத கேக்காதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புனா.

அவ பயத்துக்குக் காரணம் இருக்கு. ஒரு வாரமா நான் செல்போன்ல வீடியோ பாத்துட்டுத் திரியிறேன். தட்டுல விழுற சாப்பாடு எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாப்புடணுமாம். முந்தாநாள் சாம்பார்ல கெடந்த முருங்கைக்காயத் தூக்கிப் புடிச்சு, "இது எந்த ஊரு?"ன்னு கேட்டேன்.

"ஆதார் கார்டு கேக்க மறந்துட்டேன். சாப்புடுங்க"ன்னா.

ஆலங்குடியில எங்க ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல ஒரு முந்திரிக் கொட்டகை. நான் போனப்ப கடையில பெரிய வரிசை. எல்லாரையும் போல பைய வரிசையில வச்சுட்டு இங்கிட்டுத் திரும்புறேன், கொட்டகையில செல்வி அக்கா முந்திரிக் கொட்டை வறுத்துக்கிட்டு இருக்காங்க. ரொம்ப வருசமா அங்கதான் வேலை பாக்குறாங்க.

எனக்குள்ள இருந்த விஞ்ஞானி முழிச்சுக்கிட்டான்!

"அக்கா, பாயாசத்துல கெடக்குற முந்திரி இப்புடித்தான் வருதா?"

"பின்ன, பாயாசத்துலேயா காய்க்கும்?"

வறுத்ததக் கீழ கொட்டி சாம்பலத் தூவுனாங்க. கட்டையால லேசா ஒரு தட்டு. முழுப் பருப்பு குதிச்சு வந்துச்சு. பாக்க அம்புட்டு ஈஸி!

"நானும் ஒண்ணு ஒடைக்கவா?"

"வேணாந் தம்பி. தோட்டுல எண்ண இருக்கு, பட்டா பொத்துரும். ஒடைச்சே தீரணும்னா கையில சாம்பலப் பூசிக்கங்க."

"எனக்குத் தெரியும்க்கா, வீடியோல பாத்துருக்கேன்"னேன்.

வீடியோல சாம்பலே இல்ல!

பத்துக் கொட்டை ஒடைச்சேன். எட்டு தூளாப் போச்சு. ஒண்ணு ரோட்டத் தாண்டிப் பறந்துருச்சு. மிச்சம் ஒண்ண நானே தின்னுட்டேன். கொட்டகை மொதலாளி பாத்திருந்தா என்னையும் சேத்து வறுத்திருப்பாரு.

அப்பதான் விரலப் பாத்தேன். பத்தும் தார் பூசுன மாதிரி கருப்பு! எரிச்சல் வேற! சோப்பு போட்டேன், போகல. அடிபம்புக்குப் போயி சிமெண்டுத் தரையில வச்சு தேய் தேய்னு தேய்ச்சேன். கருப்பு ஒருவழியாப் போச்சு. எரிச்சல் தாங்காம கண்ணுல தண்ணி. அதே கையால கண்ணத் தொடச்சேன். அறிவாளி!

அதுக்குள்ள எம் பை ஒழுக்கமா வரிசையில முன்னாடி வந்து நின்னுச்சு. எனக்கு இல்லாத பொறுப்பு அதுக்கு இருந்துச்சு.

விரல வச்சேன். மிஷின் பொருந்தலன்னுச்சு. அடுத்த விரல். பொருந்தல. பத்தையும் வச்சாச்சு. கால் விரலக் கேக்காத கொறதான்.

கடை மேடம் எங் கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. "என்ன சார், வழுவழுன்னு இருக்கு? ரேகையவே காணோம்!"

"கருப்பு போகணும்னு தேய்ச்சேன் மேடம்."

"சரி, கண்ணக் காட்டுங்க. அத வச்சும் பதியலாம்."

காட்டுனேன். மேடம் ரொம்ப நேரம் மிஷின வச்சுத் தேடுனாங்க.

"சார், கண்ணத் தொறங்க."

"தொறந்துதான் மேடம் இருக்கேன்!"

ரெண்டு எமையும் பணியாரமா உப்பியிருந்துச்சு. வரிசையே சிரிச்சுச்சு.

சத்தம் கேட்டு செல்வி அக்கா தேங்கா எண்ணையோட வந்துட்டாங்க. "நாந்தான் அப்பவே சொன்னேனே. இதப் பூசுங்க, நாலஞ்சு நாள்ல ரேகை வந்துரும்."

"ஒங்களுக்கு வந்துருமாக்கா?"

"எனக்கா? எனக்கு ரேகை போயி பல வருசமாச்சு. வீட்டு அரிசிக்கு எம் மருமவதான் வந்து வைக்கிறா"ன்னு சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரல. இத்தன வருசமா பாயாசத்துல முந்திரிய மட்டும் பொறுக்கித் தின்ன ஆளு நான். உண்மையிலேயே வெக்கமா இருந்துச்சு.

வெறும் பையோட வீட்டுக்கு வந்தேன். ஜெயா பையப் பாத்தா, கண்ணப் பாத்தா, விரலப் பாத்தா.

"அரிசி எங்க?"ன்னா.

முந்திரி எங்கேருந்து வருதுன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேங்க. இந்த மாச அரிசி எங்கேருந்து வரும்னுதான் தெரியல.