தென்துருவக் கடலை விராலிமலை வட்டத்தோடு இணைத்த கூட்டம்

வருகை தந்தோர்:
திருமதி பிரகதீஸ்வரி, விசாரணை அதிகாரி, கூட்டத் தலைவர்.
ரெங்கசாமி, பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலையின் உரிமையாளர்.
கோபிநாத், சுற்றுச்சூழல் ஆலோசகர், சென்னை.
ரஞ்சிதா, பக்கத்துத் தோட்டக்காரர், ‘பொதுமக்கள்’ சார்பில்.
முத்துராஜ் ஆகிய நான், இரவு ஷிஃப்ட் உலை ஆபரேட்டர், ‘தொழிலாளர்’ சார்பில்.
வெளியே பந்தலில் பிரியாணிக்காகக் காத்திருந்தவர்கள், ‘பெருந்திரளானோர்’.
வராதவர்: தென்துருவக் கடல்.

உலகத்தில் ஒரு பெருங்கடல் ஒரு வட்டத்தோடு இணைக்கப்பட்டது அன்றுதான் முதல்முறை. பேரரசர்கள் கப்பல் விட்டும் சாதிக்காததை எங்கள் ஆலையின் ஏசி அறையில், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட் தீருவதற்குள் சாதித்தோம். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. கொஞ்சம் டீ சிந்தியது.

விஷயம் இதுதான். ஆலையில் ஓர் உலை இருக்கிறது. ரெங்கசாமி இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டிருந்தார். அனுமதி கொடுப்பதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில் விதி அவ்வளவு கண்டிப்பாக இல்லை.

ரஞ்சிதா அக்காவின் மல்லிகைத் தோட்டம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். முதல் உலை வந்ததிலிருந்தே அவருடைய பூ கறுத்து வருகிறது. மார்க்கெட்டில் பாதிக் கூடையைத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டாவதும் வந்தால் செடிகளைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான். அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். நான் கல்லூரியில் வேதியியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். அதனால் ‘தொழில்நுட்பம் அறிந்த தொழிலாளி’ என்று என்னைச் சேர்த்திருந்தார்கள்.

கோபிநாத் திரையில் ஒரு நீல உருண்டையைக் காட்டினார்.

“ஒரு சோடா பாட்டில நினைச்சுக்கங்க மேடம். ஜில்லுன்னு இருந்தா கேஸ் உள்ளயே அடங்கிக் கிடக்கும். வெயில்ல வச்சுத் தொறந்தா பொங்கி வெளிய வந்துரும். கடலும் அப்படித்தான். துருவத்துல தண்ணி பயங்கரக் குளிர். நாம விடுற கரியமில வாயுவ அது கரைச்சுக்கும். குளிர்ந்த தண்ணி கனமா இருக்கும், அதனால அப்படியே அடியில இறங்கிரும். வாயுவும் கூடவே போயிரும். பல நூறு வருஷத்துக்கு வெளிய தலைகாட்டாது.”

இது உண்மை. ஆலோசகர்கள் உண்மையைச் சொல்வதுண்டு. அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார்கள் என்பதற்குத்தான் கட்டணம்.

“அதாவது,” என்றார் அதிகாரி, “இவங்க புகைய அந்தக் கடல் வாங்கிக்கும்.”

“காலங்காலமா வாங்கிட்டுத்தான் இருக்கு மேடம்.”

“நம்ம மாவட்டத்துலயே மணமேல்குடியில கடல் இருக்கே. அது ஆகாதா?”

“அது சூடு மேடம். பிடிச்சு வைக்காது.”

‘உள்ளூர்க் கடலுக்குப் போதிய தகுதி இல்லை’ என்று பதிவானது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “ஆனா என் அதிகாரம் விராலிமலை வட்டத்தோட முடிஞ்சிருது. வெளியில இருக்கற கடல நான் எப்படிக் கணக்குல எடுக்குறது?”

“சேத்துக்கங்க மேடம்,” என்றார் ரெங்கசாமி.

சேர்த்துக்கொண்டார்கள். ‘நிர்வாக வசதிக்காக’ என்ற சொல்லுக்குள் ஒரு சமுத்திரம் அடங்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பிறகு பொதுமக்களைப் பேசச் சொன்னார்கள். ரஞ்சிதா அக்கா எழுந்தார்.

“இங்கிட்டு வர்ற புகை அங்கிட்டு எப்பங்க போய்ச் சேரும்?”

“காத்துல கலந்து போகணும்மா. ஒரு வருஷம் ஆகலாம்,” என்றார் கோபிநாத்.

“அதுவரைக்கும் எங்க இருக்கும்?”

“டிரான்சிட்ல இருக்கும்.”

“அந்த டிரான்சிட்டு என் தோட்டம்தான் தம்பி.”

அக்கா கையிலிருந்த துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். மல்லிகை மொட்டுகள். பென்சில் தூளில் புரட்டியெடுத்த மாதிரி இருந்தன. அதிகாரி பிஸ்கட் தட்டைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

கோபிநாத் ஒரு மொட்டைத் தேய்த்துப் பார்த்தார். “இது கரித்துகள்மா. நான் சொல்றது வாயு. துகள் என் ரிப்போர்ட்ல வராது.”

“பூவுல வருதே.”

“ரஞ்சிதா, சார் எவ்வளவு பெரிய விஷயம் பேசிக்கிட்டு இருக்காரு,” என்றார் ரெங்கசாமி. “நீ பூவுலயே நிக்கிற.”

“எனக்கு அதுலதாண்ணே சோறு. சரி, அந்தக் கடலு சம்மதிச்சுச்சா?”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “ரெண்டு பேப்பர்ல அறிவிப்புக் குடுத்தாச்சு. கடல்கிட்டருந்து ஆட்சேபம் எதுவும் வரல.”

“இப்படி வாங்கி வாங்கி அதுக்கு ஒண்ணும் ஆகாதாக்கும்?”

கோபிநாத் தயங்கினார். “தண்ணியில கொஞ்சம் புளிப்பு ஏறும். சின்னச் சின்ன நத்தை, சிப்பிக்கெல்லாம் ஓடு சரியாப் பிடிக்காது.”

“நத்தை எந்த வட்டத்துல வருது?” என்றார் அதிகாரி.

“வெளி மாவட்டம் மேடம்.”

“அப்ப விடுங்க.”

கடல் மட்டும்தான் இணைக்கப்பட்டது, அதிலுள்ள உயிரினங்கள் இணைக்கப்படவில்லை என்று ஒரு திருத்தம் எழுதினார்கள். இவ்வளவு துல்லியமான நிர்வாகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். “முத்துராஜு, நீ ராத்திரி பூரா அந்த ஒலைகிட்ட நிக்கிறவன். புகை எங்கிட்டுப் போகுதுன்னு நீயே சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெங்கசாமி கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். நான் ‘தொழிலாளர்’ சார்பில் எழுந்தேன். ‘தொழிலாளர்’ சார்பில் உட்கார்ந்தேன்.

இரண்டாவது உலைக்கு அனுமதி வழங்கப்பட்டது. தென்துருவக் கடலுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் நிறைவேறியது.

அக்கா மொட்டுகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். வெளியே காற்று திசை மாறியிருந்தது. பந்தலில் ஆட்கள் இலையைக் கையால் மறைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உலைப் புகை, அண்டார்டிகா போகிற வழியில், எங்கள் அறைக்குள் நுழைந்தது.

அதிகாரி கர்சீப்பை மூக்கில் வைத்தார். கோபிநாத் லேப்டாப்பை மூடினார். ரெங்கசாமி இருமிக்கொண்டே, “கதவ மூடிட்டுப் போ ரஞ்சிதா,” என்றார்.

அக்கா வாசலிலேயே நின்றார். “ஏண்ணே, உள்ள நல்லா ஜில்லுன்னுதான இருக்கு. கொஞ்சம் நீங்களும் வாங்கிக்கங்க.”

எல்லோரும் இருமினார்கள். இருமல் கூட்டக் குறிப்பில் ஏறாது.

“தம்பி, அந்தக் கதவப் பாருப்பா,” என்றார் அதிகாரி என்னிடம். நான் எழுந்து போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

தென்துருவக் கடலின் பெருந்தன்மையை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் கோபிநாத் சொன்ன விளக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. குளிர்ச்சியால்தான் அது உள்வாங்குகிறது என்றார். எங்கள் அறையும் குளிர்ந்துதான் இருந்தது. நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு வாய்ப் புகையைக்கூட உள்வாங்கத் தயாராக இல்லை. கடல் வாங்கிக்கொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்குக் கதவு கிடையாது. மல்லிகைத் தோட்டத்துக்கும் கிடையாது. எங்களுக்கு இருந்தது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் அதைச் சாத்திப் பூட்டினேன்.