ஒத்துப்போகக் கூடாத கூட்டம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முட்டிவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தைப் பாதி படிக்கும் வரையிலாவது. தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்த இரண்டாவது நிமிடமே நீங்கள் "அப்படி இல்ல மாமா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் வெந்நீர்க் கொதிகலனை எங்கே மாட்டுவது என்பது முதல் ஜன்னலுக்கு என்ன வர்ணம் என்பது வரை நாம் எதிலும் ஒத்துப்போனதில்லை. கடிதத்தில் குறுக்கே பேசும் வசதி உங்களுக்கு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

எரிசக்தித் துறை என்னைக் கூட்டத்துக்கு அழைத்தது உங்களுக்குத் தெரியும். புதிய எரிசக்தி ஆராய்ச்சிகளில் எதற்கு நிதி கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் முன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்கிறார்கள்; அதில் உலை ஓட்டிய அனுபவமுள்ளவர் ஒருவர் வேண்டுமாம். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் உலை மேற்பார்வையாளனாக இருந்த என்னை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே என் மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் பண்ற ஆராய்ச்சியும் அந்தக் கூட்டத்துல வருது. பகல்ல மிஞ்சற மின்சாரத்தை வச்சுக் கல்லைச் சூடாக்கி, ராத்திரி அந்தச் சூட்டுல தொழிற்சாலை ஓட்டறது. இந்த வருஷம் நிதிப் பட்டியல்ல வரலைன்னா ஆய்வுக்கூடத்தைப் பூட்டிடுவாங்க. ஒன்பது பேருக்கு வேலை போயிடும். நீங்க வாயே திறக்காதீங்க" என்றாள். சரி என்றேன். துறையின் படிவத்திலும், உறவினர் எவரேனும் இத்துறையில் உண்டா என்ற கட்டத்தில், 'மாப்பிள்ளை ஒருவர், கல்லில் வெப்பம் சேமிப்பவர்' என்று உண்மையை எழுதினேன். அதன் கீழேயே, உறவினரின் ஆராய்ச்சியை ஆதரித்துப் பேசக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. எனக்கு நிம்மதியாகப் போயிற்று. மகளும் அரசாங்கமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் மீறுவதற்கு நான் யார்?

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நான்காவது மாடி, ஜன்னல் இல்லாத அறை, வட்டமாக இருபத்து நான்கு நாற்காலிகள். இருபத்து மூன்றில் விஞ்ஞானிகள், ஒன்றில் நான். நடத்தியவர் ஒரு அதிகாரி அம்மா. ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் மூக்குக்கண்ணாடி, கையில் மஞ்சள் சீட்டுக் கட்டு. அவர் முதலில் சொன்னதே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க எல்லாரோட ஒருமித்த கருத்து எங்களுக்கு வேண்டாம். ஒவ்வொருத்தரோட தனிக் கருத்துதான் வேணும். எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு சொன்னீங்கன்னா நீங்க கமிட்டி ஆயிடுவீங்க. கமிட்டின்னா அதுக்குத் தனி உத்தரவு வேணும், அது வர ஒரு வருஷம் ஆகும். அதனால தயவுசெஞ்சு ஒத்துப்போயிடாதீங்க." தொழிற்சாலையில் நான் உட்கார்ந்த கூட்டமெல்லாம் ஒத்துக்கொள்ள வைப்பதற்காகவே கூட்டியவை. இங்கே நேர்மாறு. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சீட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எழுதவேண்டும், சுவரில் ஒட்டவேண்டும்.

மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முப்பது வருடம் அணு உலை ஆராய்ச்சி செய்தவர். தனக்குத் தெரியாதவை என்று ஏழு விஷயங்களை வரிசையாக எழுதி ஒட்டினார். அதிகாரி அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு நன்றி சொன்னார்! எங்கள் ஷிப்டில் ஒருவன் ஒரு விஷயம் தெரியாது என்று சொன்னால் ஓய்வு பெறும் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவோம். இங்கே தெரியாததைத்தான் தேடுகிறார்கள். எது தெரியவில்லையோ அதற்குத்தான் ஆராய்ச்சியாம். தேநீர் குடித்த கோப்பையைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் தாங்களே கழுவி வைத்தார்கள். ஒருவர் மட்டும் கழுவவில்லை. அவர் நான்தான், எங்கே கழுவுவது என்று தெரியவில்லை.

மதியம் இரண்டே காலுக்கு உங்கள் கல் வந்தது. எல்லாரும் எழுதினார்கள், ஒட்டினார்கள். அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். பத்தாவது சீட்டில் அவர் முகம் மாறியது, பதினெட்டாவதில் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் ஆதரிச்சே எழுதியிருக்கீங்களே! இப்படிப் போனா இந்தத் தலைப்பை நான் பட்டியல்லேருந்து எடுக்கணும். ஒருத்தராவது மாத்திச் சொல்லக் கூடாதா?" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் இரக்கப்பட்டு, "வேணும்னா நான் மாத்தி எழுதித் தரேம்மா" என்றார். "பொய்யா எழுதக்கூடாது சார், உண்மையாவே மாறுபடணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணினார். "இருபத்து நாலாவது சீட்டு வெறுமையா இருக்கே, யாரோடது?"

"என்னோடதும்மா" என்று எழுந்தேன். "மாப்பிள்ளை விஷயம். ஆதரிக்கக் கூடாதுன்னு படிவத்துல போட்டிருக்கு."

"ஆதரிக்கத்தானே கூடாது? எதிர்க்கலாமே!" என்றார், மூழ்குகிறவர் கட்டையைப் பிடித்த மாதிரி.

நான் உட்கார்ந்திருக்கவேண்டும். உட்காரவில்லை. இருபத்து மூன்று படித்தவர்கள் என்னையே பார்க்கிறார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் என் முதலாளிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஐயா, கல்லைச் சூடாக்கறது பெரிசில்ல, ஆறவைக்கறதுதான் பெரிசு. நாங்க உலையை ஒருதடவை மூட்டினா பத்து வருஷம் அணைக்க மாட்டோம். ஏன்னு நினைக்கிறீங்க? ஒரே ஒரு தடவை அணைச்சோம். சூடு ஏறும்போது பேசாம இருந்த உலைக் கூரைக் கல்லு, இறங்கும்போது பட்டு பட்டுன்னு வெடிச்சுது. மூணாம் நாள் அண்ணாந்து பார்த்தா விரல் நுழையற வெடிப்பு. நீங்க தினம் சூடாக்கித் தினம் ஆறவைக்கப் போறீங்க. எந்தக் கல்லு அதைத் தாங்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று பேர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர், "எத்தனை டிகிரியில வெடிச்சுது?" என்றார். அறுநூறுக்குக் கீழே என்றேன். "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிகிரி இறக்கினீங்க?" என்றார் இன்னொருவர். எனக்குத் தெரியாது என்றேன். அதற்கும் நன்றி சொன்னார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் குறிப்பேட்டை எடுத்து என்னை உலையின் படம் வரையச் சொன்னார். என் பெயரட்டையில் 'உலை' என்று மட்டும் எழுதியிருந்ததால் எல்லாரும் என்னை 'உலை சார்' என்றே கூப்பிட்டார்கள். நாலரை மணி வரைக்கும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வாயே திறக்காதே என்று அனுப்பப்பட்டவன் அரசாங்க அறையில் எழுந்து நின்று, சொந்த மாப்பிள்ளையின் கல்லை உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் கிளம்பும்போது ஐந்தாறு பேர் தங்கள் சீட்டைப் பிய்த்துத் திருத்திக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரும் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கண்முன் வந்து நிற்கிறார்கள். நான் சொன்னது பொய் இல்லை, மாப்பிள்ளை. ஆனால் அதைச் சொல்லவேண்டியவன் நான் இல்லை. பெரிய மனது வைத்து என்னை மன்னிக்கவேண்டும். என் மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். இருவரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாக வேலையோடும், நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அதிகாரி அம்மா போன் செய்தார். உங்கள் கல் பட்டியலில்தான் இருக்கிறதாம். தினம் ஆறும் கல் வெடிக்காமல் இருக்குமா என்பதைத்தான் முதல் கேள்வியாக வைக்கப் போகிறார்களாம். ஆனால் புதுத் தொல்லை: மற்ற இருபத்து மூன்று பேரும் சீட்டைத் திருத்தி நான் சொன்னதையே எழுதிவிட்டார்கள், மறுபடியும் ஒருமித்த கருத்து ஆகிவிட்டது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி இன்னொரு கூட்டம் போட்டு, என்னை எதிர்ப்பவர் ஒருவரையாவது கேட்டால்தான் பட்டியல் நிற்கும். "உங்க படிவத்துல ஒரு மாப்பிள்ளை இருக்காரே, அவர் உங்களோட ஒத்துப்போவாரா?" என்று கவலையோடு கேட்டார். "ஒன்பது வருஷமா ஒருநாள்கூட இல்லம்மா" என்று உறுதி கொடுத்திருக்கிறேன். ரயில் டிக்கெட் அவர்களே அனுப்புகிறார்கள். நீங்கள் வந்து "அப்படி இல்ல மாமா" என்று ஆரம்பித்தால் போதும். அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை இப்போது தரவேண்டாம். பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணி வரைக்கும் என்மேல் கோபமாகவே இருக்கவும்.