செகண்டுக்கு அர்த்தம் சொன்னவர்

வேர்பிடுங்கி என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. செடியின் வேரை அல்ல, சொல்லின் வேரைப் பிடுங்குகிற இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜுரம் என்று போய் நின்றால் ஜுரம் எந்த மொழிச் சொல் என்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் தேதியை விட்டுவிட்டு 'முகூர்த்தம்' என்ற சொல்லைத் தடவிக்கொண்டிருப்பார். பம்பாய் லோக்கல் டிரெயின் நெரிசலில் காலை மிதித்தவன் 'சாரி' என்று சொல்லிவிட்டால் போதும், அந்தச் சொல்லின் பூர்வீகத்தை விளக்கி அவனைக் குர்லாவில் இறங்கவிடாமல் செய்துவிடுவார். கெட்டவரா? சேச்சே. தங்கமான மனுஷர். அதுதான் தொந்தரவே.

செம்பூரில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் குடியிருக்கிறார். பெயர் வேங்கடசுப்ரமணியன், பாங்க்கில் ரிட்டயர் ஆனவர். நேர்மேலே நாலாம் மாடியில் அம்மிணி. இரண்டு முழங்காலும் போய்விட்டன, கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. காய்கறி கயிற்றுக் கூடையில் மேலே ஏறி வந்துவிடும். அம்மிணி கீழே இறங்கி மாதக்கணக்காகிறது.

லிஃப்ட் வேண்டுமென்றால் குடியிருப்போர் சொசைட்டியின் வருடாந்தரக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அதாவது செகண்ட் பண்ண வேண்டும். ஓட்டு என்று வந்துவிட்டால் வெட்கத்துக்காவது எல்லோரும் சரி என்பார்கள். ஆனால் முதல் கையைத் தூக்கி, ஏறாத லிஃப்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய கீழ்த்தளத்தாரின் முறைப்பை வாங்கிக்கொள்ள யார் தயார்? "நான் செகண்ட் பண்றேன் அம்மிணி, நீ கவலைப்படாதே" என்று வேங்கடசுப்ரமணியன் தாமாகவே வாக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்த அம்மிணி, நின்றபடியே முன்மொழிந்தாள்.

"யாரு செகண்ட் பண்ணுதிய?" என்றார் தலைவர் நயினார்.

வேங்கடசுப்ரமணியன் எழுந்தார். அம்மிணிக்குப் பாதி வலி அப்போதே போயிற்று.

"அதுக்கு முன்னாடி, செகண்டுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். இங்கிலீஷ்காரனுக்கு முதலில் இரண்டாவதுக்குத் தனிச் சொல்லே கிடையாதாம், 'அதர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தானாம், செகண்ட் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம், பின்தொடர்வது என்று பொருளாம். ஒரு மணி நேரத்தை முதல்முறை பொடிசாக நறுக்கினால் நிமிஷமாம், இரண்டாம்முறை நறுக்கினதால்தான் கடிகாரத்திலும் செகண்டாம். அம்மிணி உட்காரவில்லை. முன்மொழிந்தவள் அல்லவா, தீர்மானம் முடியட்டும் என்று நின்றாள்.

"சார், நீங்க ஆதரிக்கியளா இல்லியா?" என்றார் நயினார்.

"அதுக்குத்தான் வரேன்" என்றவர், கத்திச்சண்டைக்காரனுக்குப் பின்னால் துணைக்கு நிற்பவனையும் செகண்ட் என்பதற்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து யாரோ "பானி ஆயா" என்று குரல் கொடுத்தார்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துவிட்டால் பம்பாயில் எந்தக் கூட்டம் நிற்கும்? நாற்காலிகள் ஒரே மூச்சில் காலியாயின. நயினார் சுற்றிலும் பார்த்தார்.

"கோரம் இல்ல, ஆள் பத்தாது. லிஃப்டை அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவரும் வாளி வைக்க ஓடினார்.

அம்மிணி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் உயிரை எடுத்தது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று, பின்னால் வந்தவரைக் கேட்டாள்:

"மாமா, பேசாம கையைத் தூக்கியிருந்தாப் போறாதோ?"

"போறும். ஆனா அர்த்தம் தெரியாமத் தூக்கப்படாது பாரு" என்றார் அவர், மனப்பூர்வமாக.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் சற்றுமுன் அந்த லத்தீன் விவரம் வந்த இடத்தில், 'அட, அப்படியா சங்கதி, யாரிடமாவது சொல்ல வேண்டும்' என்று மனசில் குறித்து வைத்துக்கொண்டீர்களே, அப்போது அம்மிணி நின்றுகொண்டிருந்தாள். கவனித்தீர்களா?